உபுண்டு நிறுவல் சிக்கல்கள்

உபுண்டு நிறுவல் சிக்கல்கள் எனப்படுவன, உபுண்டு லினக்ஸ் வழங்கலின் புதிய வெளியீடு ஒன்றைக் கணினியில் நிறுவும் பொழுதோ, பழைய வெளியீட்டில் இருந்து மேம்படுத்தும் பொழுதோ எழும் தடங்கல்கள் ஆகும். இவற்றுள் சில அந்தந்த வெளியீட்டில் உள்ள வழுக்களால் ஏற்படுகின்றன. ஏனையவை, புதிய வெளியீடு கணினியின் நிலைபொருளையோ, ஏற்கனவே உள்ள விண்டோஸ் இயங்குதளத்தையோ, மூலநிரல் வெளியிடப்படாத வன்பொருள் இயக்கிகளையோ சந்திக்கும் இடங்களில் எழுகின்றன.

இத்தகைய சிக்கல் நேர்ந்தவுடன் மீண்டும் முதலில் இருந்து நிறுவிப் பார்ப்பது புதிய பயனர்களிடம் காணப்படும் பழக்கம். காரணம் நிலைபொருள் அமைப்பிலோ துவக்க ஏற்றியிலோ இருப்பின் மறுநிறுவல் அதனைத் தீர்ப்பதில்லை. மாறாக, வன்தட்டுப் பிரிவுகளை மீண்டும் மீண்டும் மாற்றுவதால் பயனரின் கோப்புகள் அழியும் வாய்ப்புக் கூடுகின்றது. கணினி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை முதலில் கண்டறிந்து, அக்கட்டத்தை மட்டும் சரிசெய்வதே பாதுகாப்பான முறையாகும்.

பின்னணி

உபுண்டுவின் முதல் வெளியீடான 4.10, 2004 அக்டோபர் 20 அன்று வெளிவந்தது. ஆண்டையும் மாதத்தையும் கொண்டு வெளியீடுகளுக்கு எண் இடப்படுகின்றது. ஏப்ரலிலும் அக்டோபரிலுமாக ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதிய வெளியீடு வருவது வழக்கம். 6.06 வெளியீடு மட்டும் இரண்டு மாதம் தாமதமாகி 2006 சூன் 1 அன்று வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்டகால ஆதரவு கொண்ட வெளியீடு வருகின்றது.

வெளியீட்டு நாள் முன்னரே குறிக்கப்படுவதால், அந்நாளில் அனைத்து வழுக்களும் தீர்ந்திருக்கும் என எதிர்பார்க்க இயலாது. அறியப்பட்ட குறைகள் ஒவ்வொரு வெளியீட்டுடனும் வரும் வெளியீட்டுக் குறிப்புகளில் பட்டியலிடப்படுகின்றன. நிறுவும் முன் இக்குறிப்புகளைப் படித்துவிட்டால் பல மணிநேரத் தேடலைத் தவிர்க்கலாம்.

நிறுவலுக்கு முன் செய்யவேண்டியவை

* முக்கியமான கோப்புகளை வேறொரு வன்தட்டிலோ யூஎஸ்பி நினைவகத்திலோ படியெடுத்தல். அதே வன்தட்டின் மற்றொரு பிரிவில் வைத்திருக்கும் படியைக் காப்புப்படி எனக் கொள்ள இயலாது.
* தரவிறக்கிய நிறுவல் படிமத்தின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்புத் தொகையை, உபுண்டு தளத்தில் தரப்பட்டுள்ள தொகையுடன் ஒப்பிடுதல். பாதியில் அறுந்த தரவிறக்கமும் பழுதான யூஎஸ்பி நினைவகமும் நிறுவலின் நடுவே விளங்காத பிழைச் செய்திகளைத் தோற்றுவிக்கும்.
* விண்டோஸ் உள்ள கணினியாயின், பிட்லாக்கர் மறையாக்கம் இயங்குகின்றதா எனப் பார்த்து, அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்தல். பயனர் தானாக முடுக்காவிட்டாலும் சில மடிக்கணினிகளில் இது முன்னரே இயக்கப்பட்டிருக்கும்.
* நிறுவாமல் முயன்று பார்க்கும் வசதியைப் பயன்படுத்தித் திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு ஆகியன இயங்குகின்றனவா எனச் சோதித்தல். 6.06 வெளியீட்டில் இருந்து, இவ்வாறு நேரடியாக இயங்கும் சூழலில் இருந்தே வரைகலை நிறுவியைத் தொடங்க இயலும்.

பிட்லாக்கர் பற்றிய குறிப்பைக் கவனத்தில் கொள்வது மிக அவசியம். நிலைபொருள் அமைப்புகளை மாற்றினாலோ துவக்க வரிசையை மாற்றினாலோ, அடுத்தமுறை விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையெனில் அந்தப் பிரிவில் உள்ள கோப்புகளைத் திறக்க வேறு வழி இல்லை. லினக்ஸ் நிறுவல் வன்தட்டைத் தொடாத நிலையிலும் இது நேரலாம்.

துவக்கத்தின் கட்டங்கள்

கணினியின் ஆளியை அழுத்தியது முதல் பணிச்சூழல் தோன்றும் வரை ஐந்து கட்டங்கள் உள்ளன. எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத் திரையில் காண்பதைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம்.

* நிலைபொருள்: பயாஸ் அல்லது யூஈஎஃப்ஐ வன்பொருளைச் சோதித்துத் துவக்க ஏற்றியைத் தேடுகின்றது. இங்கு நின்றால் தயாரிப்பாளரின் சின்னமோ, துவக்கக்கூடிய சாதனம் இல்லை என்ற செய்தியோ தெரியும்.
* துவக்க ஏற்றி: கிரப் நிரல் இயங்குதளங்களின் பட்டியலைக் காட்டுகின்றது. இங்கு நின்றால் கிரப் அல்லது கிரப் ரெஸ்கியூ என்ற கட்டளைத் தூண்டி மட்டும் தெரியும்.
* கரு: லினக்ஸ் கருவும் தொடக்க நினைவகப் படிமமும் ஏற்றப்படுகின்றன. இங்கு நின்றால் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தூண்டியோ, வேர்ப் பிரிவைக் காணவில்லை என்ற செய்தியோ தெரியும்.
* சேவைகள்: 15.04 முதல் சிஸ்டம்டி நிரல் பிரிவுகளை இணைத்துப் பின்னணிச் சேவைகளைத் தொடங்குகின்றது. அதற்கு முந்தைய பல வெளியீடுகளில் அப்ஸ்டார்ட் இப்பணியைச் செய்தது. இங்கு தாமதம் நேர்ந்தால், ஒரு பணி தொடங்கக் காத்திருப்பதாக நொடிக்கணக்குடன் செய்தி ஓடும்.
* பணிச்சூழல்: வரைகலைச் சேவையும் புகுபதிகைத் திரையும் வருகின்றன. இங்கு நின்றால் திரை கறுத்திருக்கும். அல்லது கடவுச்சொல் கொடுத்த பின் மீண்டும் புகுபதிகைத் திரையே வரும்.

கறுத்த திரை மட்டும் ஐயத்திற்கு இடமளிப்பது. அது கரு நின்றதாலும் இருக்கலாம், வரைகலை மட்டும் நின்றதாலும் இருக்கலாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் எழுத்துமுனையம் தோன்றுமாயின், கணினி நன்கு இயங்குகின்றது, வரைகலையில் மட்டுமே சிக்கல் எனத் தெளியலாம்.

வன்தட்டு தென்படாமை

நேரடிச் சூழல் நன்கு இயங்கியும், நிறுவி வன்தட்டைக் காட்டாமல் இருப்பது உண்டு. இன்டெல் செயலிகள் கொண்ட மடிக்கணினிகளில் இதற்குப் பொதுவான காரணம் இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் தொழில்நுட்பம் ஆகும். இதன் கீழ் வன்தட்டு ரெய்ட் முறையில் அமைக்கப்பட்டிருப்பதால் லினக்ஸ் கருவுக்கு அது தனிச் சாதனமாகத் தென்படுவதில்லை. 20.04 வெளியீட்டின் நிறுவி இதனைக் கண்டுகொண்டு பயனருக்கு எச்சரிக்கை தருகின்றது.

நிலைபொருள் அமைப்பில் ரெய்ட் முறையை ஏஎச்சிஐ என மாற்றுவது இதற்குத் தீர்வு. ஆயினும் விண்டோஸ் உள்ள கணினியில் இதனை நேரடியாக மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். முதலில் விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் துவங்குமாறு அமைத்து, பின்னர் நிலைபொருள் அமைப்பை மாற்றி, விண்டோஸை ஒருமுறை பாதுகாப்பு முறையில் துவக்கினால் அது ஏஎச்சிஐ இயக்கியை ஏற்றுக்கொள்ளும். அதன்பின் வழமையான துவக்கத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.

துவக்க ஏற்றிச் சிக்கல்கள்

பயாஸ் முறையும் யூஈஎஃப்ஐ முறையும்

ஒரே கணினியை இரு முறைகளில் துவக்க இயலும் காலம் ஒன்று இருந்தது. பழைய பயாஸ் முறையில் துவக்க ஏற்றி வன்தட்டின் முதற்பகுதியில் எழுதப்படுகின்றது. யூஈஎஃப்ஐ முறையில் அது ஈஎஃப்ஐ எனப்படும் சிறு பிரிவில் சாதாரணக் கோப்பாக வைக்கப்படுகின்றது. விண்டோஸ் யூஈஎஃப்ஐ முறையில் இருக்க, உபுண்டுவின் நிறுவல் ஊடகம் பயாஸ் முறையில் துவக்கப்பட்டிருந்தால், இரண்டும் தத்தம் அளவில் சரியாக நிறுவப்பட்டிருந்தும் ஒன்றின் பட்டியலில் மற்றொன்று இயங்காது.

நேரடிச் சூழலில் முனையத்தைத் திறந்து, சிஸ் அடைவினுள் ஃபர்ம்வேர் என்ற அடைவில் ஈஎஃப்ஐ என்னும் அடைவு உள்ளதா எனப் பார்த்தால், ஊடகம் எம்முறையில் துவங்கியது என்பது விளங்கும். அவ்வடைவு இருப்பின் யூஈஎஃப்ஐ முறை. இல்லையெனில் பயாஸ் முறை. நிறுவத் தொடங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுவது நலம்.

விண்டோஸ் பட்டியலில் இருந்து மறைதல்

கிரப், ஓஎஸ்-புரோபர் என்னும் துணைநிரலின் உதவியால் பிற இயங்குதளங்களைக் கண்டறிந்து பட்டியலில் சேர்த்து வந்தது. 2021 இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பில் இருந்து, பாதுகாப்புக் கருதி இத்துணைநிரல் இயல்பாக முடக்கப்பட்டுள்ளது. இதனால் மேம்படுத்திய பின் விண்டோஸ் அழிந்துவிட்டது எனச் சிலர் அஞ்சுகின்றனர். உண்மையில் விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. பட்டியலில் அதன் பெயர் மட்டும் இல்லை.

ஈடிசி அடைவினுள் டீஃபால்ட் என்ற அடைவில் இருக்கும் கிரப் கோப்பில், ஓஎஸ்-புரோபரை முடக்கும் வரியின் மதிப்பை ஃபால்ஸ் என அமைத்து, அப்டேட்-கிரப் கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இயக்கினால் விண்டோஸ் மீண்டும் பட்டியலில் இடம்பெறும்.

உபுண்டு பட்டியலில் இருந்து மறைதல்

இதற்கு நேர்மாறானதும் நிகழ்வதுண்டு. பயாஸ் காலத்தில் விண்டோஸை மறுபடி நிறுவினால் அது வன்தட்டின் முதற்பகுதியில் தன் ஏற்றியை எழுதிக் கிரப்பை அழித்துவிடும். யூஈஎஃப்ஐ கணினிகளில் கிரப் அழிவதில்லை. நிலைபொருளின் துவக்க வரிசையில் விண்டோஸ் முன்னே வந்துவிடுகின்றது. நிலைபொருள் அமைப்பில் உபுண்டுவை முதலிடத்திற்குக் கொண்டுவந்தாலே போதுமானது. எனவே முதலில் துவக்க வரிசையைப் பார்த்து, அதில் உபுண்டு என்ற பெயரே இல்லாவிடில் மட்டும், நேரடிச் சூழலில் இருந்து கிரப்பை மீள நிறுவ வேண்டும்.

பாதுகாப்பான துவக்கம்

செக்யூர் பூட் எனப்படும் பாதுகாப்பான துவக்கத்தில், ஏற்கப்பட்ட சாவியால் கையொப்பமிடப்பட்ட நிரல்களையே யூஈஎஃப்ஐ இயங்கவிடும். 2012 அக்டோபரில் வெளிவந்த 12.10 வெளியீட்டில் இதற்கான ஆதரவு சேர்க்கப்பட்டது. மைக்ரோசாஃப்டின் சாவியால் கையொப்பமிடப்பட்ட ஷிம் என்னும் சிறுநிரல் முதலில் ஏற்றப்பட்டு, அது கிரப்பைச் சரிபார்த்து ஏற்றுகின்றது.

ஷிம், கிரப் ஆகியவற்றின் பழைய பதிப்புகளில் பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்படும் பொழுது அப்பதிப்புகளைத் தடைசெய்வதற்காக எஸ்பேட் என்னும் பதிப்பெண் முறை உள்ளது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தல் இத்தடையைப் புதுப்பித்தது. விண்டோஸ் மட்டும் உள்ள கணினிகளுக்கென்றே இது கருதப்பட்டது. எனினும் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல கணினிகளிலும் இது செயற்பட்டு, எஸ்பேட் தரவுச் சரிபார்ப்புத் தோல்வி, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியுடன் லினக்ஸ் துவங்காமல் நின்றது.

இதற்குப் பரவலாகக் கையாளப்பட்ட தீர்வு பின்வருமாறு: நிலைபொருளில் பாதுகாப்பான துவக்கத்தைத் தற்காலிகமாக முடக்கி உபுண்டுவைத் துவக்குதல், மோக்யூட்டில் கட்டளையால் எஸ்பேட் கொள்கையை நீக்குதல், ஒருமுறை மறுதுவக்கம் செய்தல், ஷிம், கிரப் பொதிகளை இற்றைப்படுத்தல், பின்னர் பாதுகாப்பான துவக்கத்தை மீண்டும் இயக்குதல். இதில் வன்தட்டில் உள்ள கோப்புகள் எவையும் தொடப்படுவதில்லை. இச்செய்தியைக் கண்டு உபுண்டுவை மறுபடி நிறுவத் தேவை எழவில்லை.

புற வன்தட்டில் நிறுவுதல்

உபுண்டுவின் பழைய நிறுவியான யுபிக்விட்டி, யூஈஎஃப்ஐ முறையில், துவக்க ஏற்றிக்கெனப் பயனர் தெரிவு செய்த சாதனத்தைக் கருதாமல், கணினியின் உள் வன்தட்டில் உள்ள ஈஎஃப்ஐ பிரிவிலேயே கிரப்பை எழுதும் வழுவைக் கொண்டிருந்தது. புற வன்தட்டில் நிறுவியவர்கள், அதனைக் கழற்றிய பின் கணினி கிரப் தூண்டியில் நிற்பதைக் கண்டனர். இவ்வாறு நின்றால் நிலைபொருளின் துவக்கப் பட்டியலில் விண்டோஸைத் தெரிவு செய்து தொடரலாம்.

திரைச் சிக்கல்கள்

என்விடியா வரைகலை அட்டைகள் உள்ள கணினிகளில் நிறுவி தொடங்கியதும் திரை கறுத்துப் போவதுண்டு. இவ்வட்டைகளுக்கு இயல்பாக வரும் நூவோ இயக்கி, தயாரிப்பாளரின் உதவியின்றிப் பின்னோக்குப் பொறியியல் மூலம் உருவாக்கப்படத் தொடங்கியது. ஆகவே புதிய அட்டைகளுக்கு அதன் ஆதரவு பின்தங்கியே வந்துள்ளது.

கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, கருவைக் குறிக்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் சேர்த்துத் துவக்கினால், கரு திரையின் அமைப்பை மாற்ற முயலாது. படம் குறைந்த தெளிவுடன் தோன்றும். இது நிறுவலை முடிக்க உதவும் தற்காலிக வழியே ஆகும். நிறுவிய பின், மேலதிக இயக்கிகள் என்ற பகுதியில் இருந்து என்விடியா இயக்கியை நிறுவி, நோமோட்செட் அமைப்பை நீக்கிவிட வேண்டும்.

இங்கும் பாதுகாப்பான துவக்கம் குறுக்கிடக்கூடும். கணினியிலேயே தொகுக்கப்படும் இயக்கிகளுக்கு உபுண்டுவின் கையொப்பம் இராது. ஆதலால் நிறுவி ஒரு கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்று, அடுத்த துவக்கத்தின் பொழுது நீலநிறத் திரை ஒன்றில் புதிய சாவியைப் பதிவு செய்யுமாறு கோருகின்றது. இத்திரை சில நொடிகளே காத்திருக்கும். விசை எதுவும் அழுத்தப்படாவிட்டால் வழமையான துவக்கம் தொடர்ந்து, இயக்கி நிறுவப்பட்டிருந்தும் இயங்காமல் போகும். சாவிப் பதிவை மீண்டும் கோரி, அத்திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுப்பதே இதற்கான தீர்வு.

17.10 வெளியீட்டில் எக்ஸ் சேவையகத்திற்கு மாற்றாக வேலேண்ட் இயல்பிருப்பாக்கப்பட்டது. நீண்டகால ஆதரவு கொண்ட 18.04 இல் மீண்டும் எக்ஸ் சேவையகமும், 21.04 இல் மறுபடி வேலேண்டும் இயல்பிருப்பாயின. திரையைப் பிறருடன் பகிரும் செயலிகளும், நிர்வாகி உரிமையுடன் இயங்கும் சில வரைகலைச் செயலிகளும் இம்மாற்றங்களின் பொழுது இயங்க மறுத்தன.

பிணையச் சிக்கல்கள்

கம்பியில்லா அட்டைகள் இயங்குவதற்கு இயக்கி மட்டும் போதாது; அட்டைக்குள் ஏற்றவேண்டிய நிலைபொருளும் தேவை. பிராட்காம் நிறுவனத்தின் அட்டைகள் பலவற்றிற்கு இந்நிலைபொருளைக் கட்டற்ற வழங்கலுடன் சேர்த்துத் தர உரிமம் இடம் தரவில்லை. ஆகவே இணைய இணைப்பு வேண்டின் நிலைபொருள் வேண்டும், நிலைபொருளைப் பெற இணைய இணைப்பு வேண்டும் என்ற நிலை உருவானது. 2000களின் பிற்பகுதியில் உபுண்டுவை நாடிய பலரும் இதனைச் சந்தித்தனர்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன:

* கம்பிவழி இணைப்பைத் தற்காலிகமாகப் பயன்படுத்துதல்.
* செல்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணைய இணைப்பைப் பகிர்தல். செல்பேசி கம்பிவழிப் பிணைய அட்டையாகத் தென்படுவதால் இதற்குத் தனி இயக்கி பொதுவாகத் தேவைப்படுவதில்லை.
* வேறொரு கணினியில் உரிய பொதியைத் தரவிறக்கி யூஎஸ்பி நினைவகம் மூலம் கொண்டுவந்து நிறுவுதல்.

அட்டையின் சரியான பெயரை எல்எஸ்பிசிஐ கட்டளையால் அறியலாம். மடிக்கணினியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் மாதிரிப் பெயரை நம்பித் தேடுவது பயனளிக்காது. ஒரே மாதிரிப் பெயரில் வெவ்வேறு அட்டைகளுடன் கணினிகள் விற்கப்படுவதே இதற்குக் காரணம். அட்டை அறியப்பட்டும் இணைப்பு இல்லையெனில், ஆர்எஃப்கில் கட்டளையால் அது ஆளியாலோ விசையாலோ அணைக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

சாதனப் பெயர் மாற்றங்கள்

மேம்படுத்திய பின் எழும் சிக்கல்களில் ஒரு வகை, சாதனங்களின் பெயர் மாறுவதால் வருவது. லினக்ஸ் கருவில் பழைய ஐடிஈ வன்தட்டுகள் எச்டிஏ, எச்டிபி எனப் பெயரிடப்பட்டிருந்தன. இவ்வன்தட்டுகளைக் கையாளும் பணி லிப்ஏடிஏ என்னும் இயக்கித் தொகுதிக்கு மாறியபின், அவை எஸ்டிஏ, எஸ்டிபி என்றாயின. உபுண்டு 7.04 இல் (2007) இம்மாற்றம் வந்தது. பழைய பெயரைக் கையால் எழுதி வைத்திருந்த எஃப்எஸ்டேப் கோப்புகள் பயனற்றுப் போயின.

இத்தகைய மாற்றங்களைத் தாங்குவதற்காகவே, ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய யூயூஐடி என்னும் தனி அடையாள எண்ணைக் கோப்பில் எழுதும் முறை 6.10 முதல் பின்பற்றப்படுகின்றது. ஆயினும் இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. பிரிவைப் புதிதாக வடிவூட்டினால் அதன் எண் மாறிவிடும். ஒரே கணினியில் இரண்டு லினக்ஸ் வழங்கல்கள் இருந்து, இரண்டாவதை நிறுவும் பொழுது பொதுவான இடமாற்றுப் பிரிவு வடிவூட்டப்பட்டால், முதல் வழங்கல் இல்லாத எண்ணைத் தேடி 90 நொடிகள் காத்திருந்த பின்னரே துவங்கும். பிஎல்கேஐடி கட்டளையால் புதிய எண்ணை அறிந்து எஃப்எஸ்டேப் கோப்பில் திருத்தினால் தாமதம் நீங்கும்.

பிணைய அட்டைகளின் பெயர்களும் இவ்வாறு மாறின. ஈத்0, டபிள்யூலேன்0 என்ற பெயர்களுக்கு மாற்றாக, அட்டை பொருத்தப்பட்டுள்ள இடத்தைக் கொண்டு பெயரிடும் முறை 15.10 இல் வந்தது. பழைய பெயரைக் கொண்டு எழுதப்பட்ட தீச்சுவர் விதிகளும் நிலையான முகவரி அமைப்புகளும் இதன்பின் திருத்தப்பட வேண்டியிருந்தன. ஒருவரும் அருகில் இல்லாத வழங்கிகளில் இம்மாற்றம் நேர்ந்தால், தொலைவில் இருந்து நுழையும் வழியே அடைபட்டுவிடும். வழங்கிகளை மேம்படுத்தும் முன் இதனைச் சோதிப்பது இன்றியமையாதது.

கடிகார வேறுபாடு

விண்டோஸ், கணினியின் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாகக் கொள்கின்றது. லினக்ஸ் அதில் ஒருங்கிணைந்த உலக நேரம் இருப்பதாகக் கொள்கின்றது. இந்தியாவும் இலங்கையும் உலக நேரத்தைவிட ஐந்தரை மணிநேரம் முன்னே உள்ளன. ஆகவே இங்கு உபுண்டுவைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸிற்குச் சென்றால், காலை 10 மணி 4.30 எனக் காட்டப்படும். கணினியின் மின்கலம் தீர்ந்துவிட்டது எனக் கருதி அதனை மாற்றுவோரும் உண்டு. சரியாக ஐந்தரை மணிநேர வேறுபாடு இருப்பின் மின்கலம் காரணம் அன்று.

டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உபுண்டுவை உள்ளூர் நேரத்தைப் பின்பற்றுமாறு அமைக்கலாம். அல்லது விண்டோஸின் பதிவகத்தில் உலக நேரத்தைப் பின்பற்றுமாறு அமைக்கலாம். இரண்டையும் ஒருங்கே செய்தால் வேறுபாடு எதிர்த்திசையில் மீண்டும் தோன்றும்.

விண்டோஸ் பிரிவில் எழுத இயலாமை

விண்டோஸ் 8 முதல் உள்ள வேகத் துவக்க வசதி, கணினியை முழுமையாக அணைக்காமல் அதன் நிலையின் ஒரு பகுதியை வன்தட்டில் சேமித்து உறங்கச் செய்கின்றது. அந்நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் பிரிவில் வேறொரு இயங்குதளம் எழுதினால் கோப்பு முறைமை சிதையக்கூடும். எனவே உபுண்டு அப்பிரிவைப் படிப்பதற்கு மட்டும் இணைக்கின்றது, அல்லது இணைக்க மறுக்கின்றது. இது குறையன்று, காப்பு நடவடிக்கையாகும். கட்டாயப்படுத்தி எழுதும் வழிகளைக் கையாளாமல், விண்டோஸில் வேகத் துவக்கத்தை முடக்கி முழுமையாக அணைத்துவிட்டு வருவதே முறை.

தமிழ் விசைப்பலகையும் கடவுச்சொல்லும்

நிறுவலின் பொழுது மொழியாகத் தமிழைத் தெரிவு செய்பவர்கள் விசைப்பலகைத் தளவமைப்பாகவும் தமிழையே தெரிவு செய்துவிடுவதுண்டு. உபுண்டுவில் பயனர் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அமைய வேண்டும். நிறுவலின் நடுவே தளவமைப்பை மாற்றி மாற்றித் தட்டினால், எந்தத் தளவமைப்பில் கடவுச்சொல் பதிந்தது என்பது தெரியாமல் போகும். கடவுச்சொல் புள்ளிகளாகவே தெரிவதால் இதனைக் கண்டுகொள்ளவும் இயலாது.

முழு வன்தட்டு மறையாக்கத்தைத் தெரிவு செய்தவர்களுக்கு இது பேரிழப்பாகலாம். மறையாக்கக் கடவுச்சொல் துவக்கத்தின் தொடக்கத்திலேயே, தளவமைப்பை மாற்றும் வசதி இல்லாத திரையில் கேட்கப்படுகின்றது. எனவே ஆங்கிலத் தளவமைப்பில் நிறுவலை முடித்து, பின்னர் தமிழ் உள்ளீட்டைச் சேர்ப்பது நல்லது.

இதற்கென ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99, தட்டச்சு, ஒலிப்பியல், இன்ஸ்கிரிப்ட் ஆகிய முறைகள் கிடைக்கும். நிறுவியவுடன் இவை பட்டியலில் தோன்றாவிடின், ஒருமுறை வெளியேறி மீண்டும் புகுபதிகை செய்ய வேண்டும். 9.10 வெளியீட்டிற்கு முன்னர் ஸ்கிம் என்னும் உள்ளீட்டு முறை பயன்பாட்டில் இருந்தது. அக்காலத்து வழிகாட்டிகளில் உள்ள படிகள் ஐபஸிற்குப் பொருந்தா.

பொதி மேலாண்மைச் சிக்கல்கள்

நிறுவிய சில நிமிடங்களில் புதிய பொதி ஒன்றை நிறுவ முயன்றால், பூட்டுக் கோப்பைப் பெற இயலவில்லை என்ற செய்தி வரக்கூடும். பின்னணியில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நடப்பதே இதற்குக் காரணம். பூட்டுக் கோப்பை அழித்துவிடுமாறு சில வழிகாட்டிகள் கூறுவதுண்டு. அவ்வாறு செய்தால் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பொதித் தரவுதளத்தில் எழுதி அதனைச் சிதைக்க நேரிடும். சில நிமிடங்கள் காத்திருந்தால் பூட்டு தானாக விடுபடும்.

ஆதரவுக் காலம் முடிந்த வெளியீட்டில் பொதிப் பட்டியலைப் புதுப்பிக்க முயன்றால், 404 என்ற எண்ணுடன் கோப்பு இல்லை எனச் செய்தி வரும். அவ்வெளியீடுகளின் பொதிகள் பழைய வெளியீடுகளுக்கான தனிக் களஞ்சியத்திற்கு மாற்றப்பட்டுவிடுவதே காரணம். களஞ்சிய முகவரியை மாற்றிப் பொதிகளைப் பெறலாம். எனினும் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வாரா.

17.10 வெளியீடும் மடிக்கணினி நிலைபொருளும்

பயனர் எவ்விதத் தவறும் செய்யாமல் கணினியே பழுதுபட்ட அரிய நிகழ்வு ஒன்று 17.10 வெளியீட்டில் நடந்தது. 2017 அக்டோபர் 19 அன்று வெளியான இதன் கருவில், இன்டெல் எஸ்பிஐ என்னும் இயக்கி சேர்க்கப்பட்டிருந்தது. நிலைபொருள் சேமிக்கப்படும் சில்லை அணுகும் இவ்வியக்கி, லெனோவோ, ஏசர் முதலிய நிறுவனங்களின் சில மடிக்கணினிகளில் அச்சில்லை எழுத இயலாத நிலையில் பூட்டிவிட்டது. அதன்பின் நிலைபொருள் அமைப்புகளைச் சேமிக்க முடியவில்லை. சில கணினிகளில் யூஎஸ்பி ஊடகத்தில் இருந்து துவக்கவும் முடியவில்லை.

2017 டிசம்பரில் கனோனிக்கல் நிறுவனம் இவ்வெளியீட்டின் தரவிறக்க இணைப்பை நீக்கியது. அவ்வியக்கி முடக்கப்பட்ட கருவுடன் 2018 சனவரி 12 அன்று புதிய படிமங்கள் வெளியிடப்பட்டன. இத்தகைய பழுது, உபுண்டுவை நீக்கி விண்டோஸை நிறுவினாலும் நீங்காது என்பது குறிப்பிடத்தக்கது. ஏனெனில் பழுது வன்தட்டில் இல்லை, நிலைபொருளில் உள்ளது.

மேம்படுத்தலுக்கு உகந்த காலம்

நீண்டகால ஆதரவு கொண்ட ஒரு வெளியீட்டில் இருந்து அடுத்ததற்குச் செல்லும் அறிவிப்பு, புதிய வெளியீடு வந்தவுடன் பயனருக்குக் காட்டப்படுவதில்லை. புள்ளி ஒன்று எனப்படும் முதல் திருத்த வெளியீடு வந்த பின்னரே காட்டப்படுகின்றது. காட்டாக, 24.04 வெளியீடு 2024 ஏப்ரல் 25 அன்று வந்தது. அதன் முதல் திருத்த வெளியீடு ஆகஸ்ட் 29 அன்று வந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் முன்கூட்டி நிறுவியவர்கள் கண்டறிந்த வழுக்கள் திருத்தப்படுகின்றன. அன்றாடப் பணிக்கு ஒரே கணினியை நம்பியிருப்பவர்கள் இவ்வறிவிப்பு வரும்வரை காத்திருப்பது நல்லது.

வழு அறிக்கை அளித்தல்

உபுண்டுவின் வழுக்கள் லாஞ்ச்பேட் தளத்தில் பதியப்படுகின்றன. உபுண்டு-பக் என்னும் கட்டளை, தொடர்புடைய பதிவுக் கோப்புகளைத் தானாகத் திரட்டி அறிக்கையுடன் இணைக்கின்றது. பயனுள்ள அறிக்கையில் பின்வருவன இடம்பெற வேண்டும்:

* வெளியீட்டின் எண், கருவின் பதிப்பு
* துவக்க முறை: பயாஸ் அல்லது யூஈஎஃப்ஐ, பாதுகாப்பான துவக்கம் இயங்குகின்றதா என்பது
* எல்எஸ்பிசிஐ கட்டளை தரும் வன்பொருள் பட்டியல்
* எந்தக் கட்டத்தில் நின்றது என்பதும், திரையில் தெரிந்த செய்தி எழுத்து மாறாமலும்
* முந்தைய வெளியீட்டில் அதே கணினி சரியாக இயங்கியதா என்பது

இறுதியாக உள்ள தகவல் உருவாக்குநர்களுக்குப் பெரிதும் உதவுகின்றது. முன்பு இயங்கி இப்பொழுது இயங்காதது எனில், இரு பதிப்புகளுக்கும் இடையே செய்யப்பட்ட மாற்றங்களுள் மட்டும் காரணத்தைத் தேடினால் போதும். 17.10 சிக்கலும் இவ்வாறு மடிக்கணினிப் பயனர்கள் லாஞ்ச்பேடில் பதிந்த அறிக்கைகள் மூலமே வெளிச்சத்திற்கு வந்தது.